ஐயாவு சொன்ன நன்றி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கையில் இருந்த போனில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2019, ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல்.

எங்கள் ஊர் குத்தாலம் பக்கம். நானும் நண்பர் அஹமது கபீரும் செல்போனில் விளையாடும் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். கதை, வசனம் என்னுடையது. எழுபதுகளில் கூலி உயர்த்திக் கேட்டவர்களை மிராசுதாரின் அடியாட்கள் வெட்ட வருகிறார்கள். நாயகன் வீரையன் காப்பாற்ற வேண்டும். பிழைத்தவர் அவனுக்கு நன்றி சொல்வார்.

குரல் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அமிர்தலிங்கம் பெரியப்பா. அறுபத்தெட்டு வயது. எங்கள் பக்கம் நிஜமாகவே நடந்த அப்படி ஒரு கூலிக் கலவரத்தில் வயலில் நின்றவர். 'நன்றி' என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.

"ஏம்மா மலரு, வயக்காட்டுல யாரு அப்படிப் பேசுனா? 'நல்லா இரு'ம்பாங்க. அவ்ளோதான்."

அப்படியே பதிவு செய்தோம்.

மதியம் 2.40. வீட்டில் தனியாக உட்கார்ந்து கேமை ஓட்டிப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் ஒருவன் விழுந்து கிடந்தான். வீரையன் அடியாட்களை விரட்டிவிட்டுக் கை கொடுத்தான்.

அவன் எழவில்லை.

வயிறு கிழிந்திருந்தது. குடல் சேற்றில் கிடந்தது... நாங்கள் ஒரு சொட்டு ரத்தம்கூட வரையவில்லை.

2.43. நான் திரையைத் தொடவில்லை. வீரையன் அரிவாளை ஓங்கினான்.

சதக்.

கழுத்து பாதி தொங்கியது. வாய் மட்டும் அசைந்தது.

"நல்லா இருடா, அமிர்தம்."

பெரியப்பாவின் குரல் இல்லை. ஓர் இளைஞனின் குரல்.

மறுபடி... சதக்.

"நல்லா இருடா, அமிர்தம்."

அணைத்தேன். அணையவில்லை.

போனோடு பெரியப்பாவிடம் ஓடினேன். காதில் வைத்துக் கேட்டார்.

"ஐயாவு கொரலு..." என்றார். "என் கூட்டாளிம்மா. எழுபத்தொண்ணுல மிராசுதாரு ஆளுங்க அவன் குடலச் சரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானுங்க. துடிச்சான். அரிவாளோட என் கையப் புடிச்சு அவன் கழுத்துல வச்சான். நான்தான் முடிச்சேன். யாருக்கும் தெரியாது. பாவமா புண்ணியமான்னு இன்னிவரைக்கும் தூங்கல."

அப்போதுதான் போன் அணைந்தது.

அன்று சாயங்காலம் கபீர் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு காட்சியே இல்லை. குரலும் இல்லை.

மறுநாள் பெரியப்பாவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன்.

"அவரு மனசார வாழ்த்திட்டாரு பெரியப்பா. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க நிம்மதியா இருந்திருப்பீங்க."

அவர் என்னையே பார்த்தார்.

"எப்படிம்மா சொல்லுவான்? நாக்கத்தான் மொதல்ல அறுத்தானுங்க."