அண்ணை கேட்ட மருந்து

படிவம் ஒன்றைக் கண்டால் என் கை தானாகவே ‘இல்லை’ என்ற பெட்டிக்குத்தான் போகும். தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் கட்டடத்துச் சனத்துக்கெல்லாம் வேலை, வீடு, மருத்துவப் பரிசோதனை என்று எந்தத் தாள் வந்தாலும் நிரப்பிக் கொடுத்தவன் நான். ஆஸ்துமா உண்டா, இல்லை. முதுகுவலி, இல்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய், இல்லவே இல்லை. ஓம் என்று எழுதினால் மேலும் கேள்வி கேட்பார்கள் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அப்படிப்பட்ட ஒருவன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனால் வேறென்ன நடக்கும்?

அண்ணை இங்கே வந்த இரண்டாம் குளிர்காலத்தில் படுத்தவர். சென்ட் லோரன்ட் தொழிற்சாலை வேலையை விட்டார், சவரம் செய்வதை விட்டார், பிறகு கதைப்பதையும் விட்டார். மூன்று வகைக் குளிசைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். விழுங்கினார், உடம்பு வைத்தார், மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு இரக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கப்படவில்லை.

கோட்-டெ-நெய்ஜ் மருத்துவமனையில் அவரைப் பார்த்த மனநல மருத்துவர் சென்னையிலிருந்து வந்து வெகுகாலமானவர். அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் கெட்டமைனைச் சிறிய அளவில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். ஒரு மணி நேரம் மனம் உடம்பிலிருந்து கழன்றதுபோல் இருக்குமாம், இல்லாததெல்லாம் தெரியுமாம். திரும்பி வரும்போது சிலருக்குப் பாரம் குறைந்திருக்கும் என்று அவர் நம்பினார்.

“இந்த ஊர்ல ஒரு காலத்துல நோயாளிகிட்ட சொல்லாமலே இந்த மாதிரி மருந்தெல்லாம் குடுத்துப் பாத்திருக்காங்க. அதனால நான் ஒண்ணு விடாம கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன்” என்றார். பிறகு கேட்டார்: “உங்க குடும்பத்துல யாருக்காவது புத்தி தடுமாறினது, காதுல குரல் கேட்டது, அப்படி ஏதாவது?”

“இல்லை டொக்டர்.”

“நல்லது. இருந்திருந்தா இதைத் தொடவே மாட்டேன். அவங்களுக்குத் தெளியாமலே போயிடலாம்.”

சித்தப்பாவின் முகம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆட்களோடு சண்டை பிடித்து, ஊர் வீட்டுப் பின்னறையிலேயே கிடந்து செத்துப்போனவர். அவருக்குச் சோறு கொண்டுபோனது நானும் அண்ணையும்தான். அண்ணை பக்கத்துக் கதிரையில் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார், வாய் திறக்கவில்லை. நானும் சொன்னதைத் திருத்தவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அண்ணை, “எப்ப தருவினம்?” என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அடுத்த இரண்டு கிழமையும் அவர் விடியவே எழும்பினார், சவரம் செய்தார், கலண்டரில் நாளை வெட்டினார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்த கிடங்கில் பெட்டிகளுக்கு மாறி மாறி லேபல் ஒட்டி ஏச்சு வாங்கினேன். உண்மையைச் சொன்னால் அவருடைய ஒரே ஆசை போய்விடும். சொல்லாவிட்டால் அவரே போய்விடலாம். ஒவ்வொரு நாளும் தொலைபேசியைத் தூக்கினேன், ஒவ்வொரு நாளும் திருப்பி வைத்தேன்.

கடைசியில் தாதி அவருடைய கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

“டொக்டர், எங்கடை சித்தப்பாவுக்கு இருந்தது.”

மருத்துவர் தாதியை நிறுத்தச் சொன்னார். “ஏன் முன்னாடியே சொல்லலை?” என்று மட்டும் கேட்டார். பழக்கதோஷம் என்று எப்படிச் சொல்வது? அவர் அண்ணையின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மருந்து வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அண்ணை சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “நானும்தான் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லேல்லை. என்ன நடந்தாலும் பறவாயில்லை எண்டுதான் இருந்தனான். நீயேன் இடையில வந்தனீ?”

பஸ் வந்ததும் அவரை முன்னே ஏற்றிவிட்டேன். பிறகு வந்த வேறு குளிசைகளில் அண்ணை பாதி எழும்பினார். இப்போது தலை நரைத்து, தனியறையில் இருக்கிறார், தானே சமைக்கிறார், கேட்டால் கதைப்பார். செய்தது சரிதான் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிக்கொண்டுவிட்டேன். சொல்லச் சொல்ல நெஞ்சு ஆறியதில்லை.

போன கிழமை பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில், போதைக் காளான், கெட்டமைன் என்று இந்த மருந்துகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. அண்ணையிடம் கொண்டுபோய்த் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். தேத்தண்ணீர் ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப எண்டால் எனக்குத் தருவினமோ? ஒருக்காக் கேட்டுப் பார்.”

கேட்கிறேன் என்றேன். குடும்பத்தில் சித்தப்பாவைப்போல் ஒருவர் இருந்தவர்களுக்கு இது கூடாது என்று கடைசிப் பத்தியில் போட்டிருந்தது. அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.