எஸ்தர் எழுதிய எட்டு வரி

போன வாரம் திருவாரூரில் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். கட்டைப் பிரித்ததும் பசையும் மையும் கலந்த அந்தப் பழைய வாசனை. நடவுப் பெண்களைப் பற்றிய ஒரு கவிதைக்கு நயம் எழுதச் சொல்லியிருந்தார்கள். "கவிஞர் இயற்கையை அழகுற வருணிக்கிறார்" என்று கட்டு முழுக்க ஒரே வாக்கியம், எழுத்துப்பிழைகூட ஒன்றுதான். பக்கத்திலிருந்த இளம் ஆசிரியர், "கைடுல அப்படித்தாங்க சார் இருக்கு. மார்க்கப் போட்டுட்டு வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். போட்டேன்.

ஒருத்திக்கு மட்டும் ஒரு காலத்தில் பூஜ்ஜியம் போட்டிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கவிதைத் தொகுப்பு வேறு வந்திருந்தது. பிரதிகளில் பாதி என் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தன என்றாலும் நடையில் ஒரு மிடுக்கு. நாற்று நடும் பெண்கள் பச்சைக் கோலம் போடுவதாக நான் எழுதிய கவிதையை, யாருடையது என்று சொல்லாமல், வகுப்பில் உருகி உருகி வாசித்தேன். குத்தாலத்திலிருந்து வரும் எஸ்தர் எழுந்தாள். அவள் அம்மா நடவுக்குப் போகிறவர்.

"சார், இத எழுதுனவரு ஒரு நாளாவது குனிஞ்சு நட்டிருக்காரா?"

வகுப்பு சிரித்தது. என் முகம் சுண்டிவிட்டது. "ரசிக்கத் தெரியணும்மா. உக்காரு."

அடுத்து வைத்த தேர்வில் அதே கவிதைக்கு நயம் கேட்டேன். அவள் நயம் எழுதவில்லை. தன் அம்மாவைப் பற்றி எட்டு வரியில் ஒரு கவிதை எழுதியிருந்தாள். என்னுடையதைவிட நல்ல கவிதை என்று படித்தவுடனே தெரிந்தது. அதனால்தான் பூஜ்ஜியம். 'வினாவுக்கேற்ற விடை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்தேன். தாளை வாங்கிப் பார்த்தவள் அதை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் வகுப்பில் எதுவுமே கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, கும்பகோணத்தில் ஏறிய பேருந்தில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நர்ஸாக இருக்கிறாளாம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"இப்ப எழுதுறியாம்மா?"

"அதெல்லாம் காலேஜோட போச்சு சார்."

"அந்தத் தாள வச்சிருக்கியா?"

"புயல்ல கூரையே போயிருச்சு. தாள் எங்க சார்..." அம்மாவும் இப்போது இல்லை என்றாள்.

'அம்மா நிமிர்ந்தால் வானம் இடிக்கிறது.' அதுதான் முதல் வரி. மற்ற ஏழும் எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. கூச்சத்தை விட்டு அவளிடமே கேட்டேன். வெளியே வயலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தாள்.

"வரலையே சார்" என்றாள். குத்தாலம் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.