அப்பா கன்னத்தில் மாமா போட்ட கட்டம்

மாமா, எங்கப்பா கன்னத்தில் டாக்டர் போட்ட கட்டத்தை அழித்தது நீங்கள்தான்.

அது எண்பதுகளின் ஆரம்பம். புகையிலை அடக்கிய பக்கமே அப்பாவுக்குக் கன்னத்தில் புற்று வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காதுக்கு முன்னால் ஓடும் ரத்தக்குழாயில் சன்னமான டியூப் ஒன்றைச் செருகி, மருந்தை நேரே புண்ணுக்கே அனுப்பினார்கள். சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க முதலில் நீலச்சாயம் ஏற்றினார்கள். அப்பாவுக்குப் பாதி முகம் நீலமாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர், "கிருஷ்ணர் வேஷம் பாதியிலயே நிக்குதுங்களே" என்றார். வாய் திறக்க முடியாத அப்பா மூக்காலேயே சிரித்தார்.

கூடவே கரண்டும், அதாவது கதிர்வீச்சும், வைத்தார்கள். கரண்டு படவேண்டிய இடத்தைச் சுற்றிக் கன்னத்தில் ஊதா மையில் ஒரு கட்டம். "இதுல தண்ணி படக்கூடாதும்மா. இடம் மாறுனா கண்ணு போயிடும்" என்று டாக்டர் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

நான் மருந்து வாங்கப் போன சனிக்கிழமை பார்த்து நீங்கள் அரியலூரிலிருந்து நல்லெண்ணெயும் சீயக்காயுமாக ரயிலேறி வந்தீர்கள். திரும்பி வந்தால் அப்பா பளபளவென்று உட்கார்ந்திருக்கிறார். டியூப்பை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் தேய்த்துவிட்டிருக்கிறீர்கள்.

"கட்டம் எங்க மாமா?"

"சாயம் ஒட்டிக்கிச்சுன்னு தேச்சு எடுத்துட்டேன் புள்ள. சனிக்கிழம எண்ண வைக்காம மச்சானுக்குச் சூடு எப்படி எறங்கும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் சட்டைப்பையிலிருந்து, ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் காப்பி பென்சிலை எடுத்தீர்கள். சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கப் பாறையில் குறி போடுவது உங்கள் வேலை.

"பதறாத. நான் போட்ட குறி ஒண்ணு தப்புனதில்ல."

பென்சிலை எச்சிலில் தொட்டுக் கட்டம் போட்டீர்கள். டாக்டர் போட்டது கொஞ்சம் கோணல். உங்களுடையது ஸ்கேல் வைத்த மாதிரி நேர். அதில்தான் மாட்டினோம். திங்கட்கிழமை டாக்டர் அளந்து பார்த்தார். ரெண்டு விரக்கடை மேலே, கண்ணுக்கு வெகு பக்கம்.

"யாரு போட்டது?"

"இந்தப் புள்ளதாங்க. படிச்ச புள்ள" என்று என்னைக் காட்டினீர்கள்.

வார்டே பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதுசாக அளந்து கட்டம் போட்டு முடிக்க மூன்று நாள் கரண்டு தள்ளிப்போனது. அந்த மூன்று நாளும் புண் நம்மை முந்திவிடுமோ என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். நீங்கள் வராந்தாவில் குறட்டை விட்டீர்கள்.

அப்பா பிழைத்துக்கொண்டார், கண்ணும் தப்பியது. ஆனால், "மச்சான் பொழச்சது என் குறியாலதான்" என்று கீழப்பழுவூர் வரைக்கும் சொல்லித் திரிகிறீர்களாமே? வருகிற காதுகுத்துக்குச் சொந்தபந்தம் பூராவும் வரும், மைக்செட்டும் உண்டு. கட்டத்தை அழித்தது யார், பழியை என் தலையில் போட்டது யார்? மைக்கைப் பிடித்து அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.