ஒரு கை தூரக் காந்தம்

எதிரெதிர் திருகாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் செம்பு வளையம் ஒரு பக்கமாக நசுங்கிக் காற்று புகுந்துவிடும். அம்மா கையில் ஒரு ஸ்பேனர், மகள் கையில் ஒரு ஸ்பேனர். அன்றும் வெற்றிடக் கலத்தை அப்படித்தான் மூடினார்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

ஊசித்துளைக் கசிவைக்கூட விடமாட்டாள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அம்மாவுக்கு ‘மோப்பக்காரி’ என்று பெயர். இருபத்தாறு வருட வேலை. மூன்று வாரத்துக்கு முன்புதான் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். காந்தத்திலிருந்து ஒரு கை தூரம் தள்ளியே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மகளின் பரிசோதனையோ காந்தம் இல்லாமல் நடக்காது. எக்ஸ்கதிர் பட்டு மூலக்கூறு உடையும்போது பெரும்பாலும் நேர்மின் துண்டுகளே வரும். எதிர்மின் துண்டு அபூர்வம். அதைப் பிடிக்க வைத்த கருவியில் எலக்ட்ரான்கள் வந்து ஈயாக மொய்த்துவிடும். அவற்றை ஒதுக்கித் தள்ளத்தான் காந்தம்.

“நீ தள்ளிப் போம்மா, நான் மாட்டுறேன்.”

“என்னடி, பாம்பையா பிடிக்கப் போற? நிதானமா மாட்டு.”

மகளின் கண் அம்மா மேலேயே இருந்தது. அரைகுறையாகத் திருகிவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு கட்டுப்பாட்டறைக்கு ஓடினாள்.

திரை முழுக்க எலக்ட்ரான் இரைச்சல். காந்தம் சரிந்துவிட்டது. கதிரை அடைத்து, மின்னழுத்தத்தை இறக்கி, குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். அம்மா பக்கத்தில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், கலம் இருந்த அறையில், காந்தத்தின் மேல் நெஞ்சு படச் சாய்ந்து திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கைய எடும்மா!”

“முடிஞ்சுது, கத்தாத. உசுரோடதான இருக்கேன்?”

மறுபடி கதிர் வந்ததும் திரையில் இரண்டு முகடுகள் எழுந்தன. நிறை எண் முப்பத்தைந்தில் ஒன்று, முப்பத்தேழில் ஒன்று. உயரம் மூன்றுக்கு ஒன்று. குளோரினின் எதிர் அயனி, சந்தேகமே இல்லை.

“பாத்தியா!” என்றாள் அம்மா.

மகள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் கழுத்து நரம்பை.

ஆறாம் நாள், புதன்கிழமை காலை, பஸ்ஸுக்காக உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

“அவங்க பேஸ்மேக்கர்ல எல்லாம் பதிவாகியிருக்கும். எடுத்துப் பார்க்கலாமா?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டார் டாக்டர். “வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்,” என்று கிளம்பினாள் மகள். அம்மா காந்தத்தில் சாய்ந்த அந்த ஒரு நிமிடமும் அதில் இருக்குமே.

வீட்டுக்கு வந்து அம்மாவின் ஸ்பேனர் பையைத் திறந்தாள். உள்ளே நான்காக மடித்த சீட்டு, அம்மாவின் கையெழுத்தில்:

‘வர்ற வியாழன் பத்தரை, டாக்டர். காந்தத்துல சாஞ்சதச் சொல்லணும். பொண்ணுக்குத் தெரிய வேணாம், பயந்துடுவா.’