எந்த நாட்டு ஜெர்சி

என் மகன் எந்த நாட்டுக்காரன்? இப்படி ஒரு கேள்வி என் வீட்டுக்குள் வரும் என்று போன மாதம் வரை நான் நினைத்ததில்லை. வந்த பிறகும் பதில் தெரியவில்லை.

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். எங்களைப் போன்ற வீட்டை இங்கே புதுச்சேரியில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். பையன் பிறந்தபோது அவர் பிரான்சில் வேலையில் இருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய்ப் பிரெஞ்சுக் குடிமகனாகப் பதிந்துவிட்டு வந்தது நான்தான். தெருவில் எல்லோரும் செய்வது அது. தடுப்பூசி போடுவதுபோல அதையும் முடித்தேன்.

இப்போது அவனுக்குப் பதினைந்து. உப்பளம் மைதானமே கதி என்று கிடப்பவன். சிறுவர்களுக்கான தேசிய கால்பந்து லீக்கில் இந்த வருடம் புதுச்சேரிக்கு ஆடினான். அதிலிருந்துதான் பெரிய அணிகளுக்கு ஆள் எடுப்பார்களாம்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் கோச் வாசலில் நிற்கிறார்.

"மதாம், இந்தியா ஜூனியர் கேம்ப்புக்கு நம்ம புள்ளையக் கூப்பிட்டிருக்காங்க. வெளிநாடு போவாங்க. சீக்கிரம் பாஸ்போர்ட் எடுத்துடுங்க."

"அது எப்பவோ எடுத்தாச்சு சார்," என்றேன், பெருமையாக. "பிரெஞ்சு பாஸ்போர்ட்."

நான் கொடுத்த காபியை வாய்க்குக் கொண்டுபோனவர் கீழே வைத்துவிட்டார்.

"பிரெஞ்சா? பொறந்தது இங்கதான?"

"இங்கதான் சார், குருசுக்குப்பத்துல."

"பொறந்தா போதுமா மதாம்? இந்தியாவுக்கு ஆட இந்தியனா இருக்கணுமே."

தினமும் பேப்பர் படிக்கிறவள் நான். இந்தியாவில் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாது என்பது தெரியாதா? தெரியும். என் பிள்ளையோடு சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். தமிழைத் தவிர ஒன்றும் சரியாகப் பேச வராதவனை வெளிநாட்டுக்காரன் என்று எப்படி நினைப்பேன்?

அவன் கூட்டாளிகள் மறுநாளே 'பிரெஞ்சு துரை' என்று கேலியை ஆரம்பித்துவிட்டார்கள். "முசியே, எங்க நாட்டுப் பந்த நீ எதுக்குடா தொடுற?" அவனும் சேர்ந்து சிரித்தான். உள்ளே வந்து, சோறு வேண்டாம் என்றான்.

பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடியுரிமை வாங்கினால்தான் வழி உண்டு என்றார் கோச். பதினெட்டு வயது ஆகாதவன் என்பதால் நாங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"விடறதுக்கு ஒரு கையெழுத்து போதும். திரும்ப வாங்க முடியுமா?" என்றார் கணவர். "நாளைக்கு முட்டி போச்சுன்னா உன் இந்தியா டீம் சோறு போடுமா?"

"அதுக்காக ஆடவே கூடாதாங்க?"

"நான் எப்பக் கூடாதுன்னேன்? நீ சொல்லு, போடறேன்."

முடிவை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பையன் போடச் சொல்கிறான். போட்டுவிட்டு, பிரான்சுக்குப் போய்ப் பிழைக்கும் கூட்டாளிகளைப் பார்த்து நாளை என்னைக் கேட்டால்? போடாவிட்டால், இந்தியா ஆடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பானே.

மாத முடிவுக்குள் கோச்சுக்குச் சொல்ல வேண்டும். குடியுரிமையை விட்டுக்கொடுத்த வீட்டாரும், விடாமல் வைத்துக்கொண்ட வீட்டாரும் வாசகர்களில் இருப்பீர்கள். நான் என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். பெற்றவர்களிடம் இதற்காகக் கோபம் கொண்ட பிள்ளைகள் யாராவது எழுதினால் இன்னும் நல்லது.