தீவுக்காரனின் வெறுங்கால்

இன்று கிளென்ஃபீல்ட் பேருந்தில் என் பழைய கூட்டாளி செல்லத்துரை ஏறினான்.

எண்பதுகளில் கிரேட் பாரியர் தீவில் வீடு கட்டியவன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, புது வீடென்றால் சுவருக்குள் குளிர் தடுக்கும் பஞ்சு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் படகில் ஏற்றும்போது, "கரண்டே வராத தீவில எதையடா மிச்சம் பிடிக்கச் சொல்லுறாங்கள்?" என்று கத்தினான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னுடையது பழைய வீடு. சட்டம் அதைத் தொடவில்லை.

இன்று, "வாடா, வீட்டில தேத்தண்ணி குடிப்பம்" என்றேன்.

"உன்ர வீட்டிலயோ? போனமுறை வாசலில சப்பாத்தைக் கழட்டினதுக்கு ஒரு கிழமை இருமினனான். நீ தீவுக்கு வா. ஒரு விறகு போட்டா விடியுமட்டும் சூடு. நான் வெறுங்காலோட திரியிறன்."

வெறுங்காலோடு! இந்த நாட்டின் நடுக்குளிர்காலமான ஜூலையில்!

உங்களில் வேறு யார் வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறீர்கள்? சொல்லுங்கள், உங்களோடும் கதைப்பதை நிறுத்திவிடுகிறேன்.