முன் வரிசை எலிகள்

போன வாரம் அல்சூர்ச் சந்தையில் மீன்காரம்மா ஒரு சுறாவின் வயிற்றைக் கீறினாள். ஈரல் வழுக்கிப் பலகையில் விழுந்தது. அந்த வாடை எழுந்த நொடியில் நான் ஓரடி பின்வாங்கினேன். நான் விலைக்குத் தயங்குகிறேன் என்று நினைத்து அவள் ஓரணா குறைத்தாள். நான் மீன் வாங்காமலே திரும்பி வந்தேன்.

யுத்த காலத்தில் நாலு வருஷம் அந்த வாடைக்குள்தான் வேலை பார்த்தேன். கப்பலில் வந்துகொண்டிருந்த காட் மீன் எண்ணெய் நின்றுபோயிருந்தது. அதற்குப் பதில் மலபார்க் கரையிலிருந்து சுறா ஈரல் எண்ணெய் தகர டின்களில் ரயிலேறி பெங்களூருக்கு வரும். அதில் வைட்டமின் ஏ எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் லேபின் வேலை. என் பெயர் ஆரோக்கியசாமி. உத்தியோகம் லேப் அசிஸ்டென்ட், டெம்பரரி. அந்தக் கடைசிச் சொல் ஒரு பல்லி மாதிரி. எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அறையில் இருக்கிறது என்பது தெரியும்.

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பத்து விநாடி நீலம்

எண்ணெயில் ஒரு சொட்டை குளோரோஃபார்மில் கரைத்து, அதில் ஆன்டிமணி ட்ரைகுளோரைடு கரைசலை ஊற்றினால் நீலம் பிறக்கும். எவ்வளவு வைட்டமினோ அவ்வளவு நீலம். ஆனால் பத்து விநாடிதான் நிற்கும். அதற்குள் நிறக்கண்ணாடிகளோடு ஒத்துப் பார்த்து அளவைச் சொல்லிவிட வேண்டும். மயில் கழுத்தாக வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுக்குச் சாம்பலாகிவிடும். அந்தப் பத்து விநாடிகளில்தான் நான் வாழ்ந்தேன். மற்ற நேரமெல்லாம் குழாய்களைக் கழுவினேன்.

ஒரு மழைக்காலத்தில் நாலு டின் வந்திருந்தது. திறந்த டின்னைக் காற்று தின்னும் என்பதால் டாக்டர் ராவ் ஒரு டின்னை மட்டும் திறக்கச் சொன்னார். லேபுக்கு அவர்தான் தலைவர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

நான் காட்டிய குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்னப்பா இது, நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி இருக்கு?"

"மூணு தடவ பண்ணேன் சார். இதேதான் வருது."

"குளோரோஃபார்ம்ல ஈரம் ஏறியிருக்கும். மழைக்காலம் இல்லியா? விடு, எலி சொல்லட்டும். பாட்டில் பொய் சொல்லும், எலி பொய் சொல்லாது."

ஈரம் இருந்தால் கரைசல் கலங்கும். என் கரைசல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். பல்லி சத்தம் போட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

2. ரோசலி

இந்த எண்ணெய்க்காகக் காத்திருந்தவர் சிஸ்டர் பிலோமினா. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் ஹோமைப் பார்த்துக்கொண்டவர். என் வயதுதான் இருக்கும். பேச்சில் மட்டும் எலுமிச்சம்பழம் பிழிந்தாற்போல் இருப்பார். ஆறு வயதுப் பெண்ணொருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார்.

"டாக்டர், இவ கையத் தொட்டுப் பாருங்க. தேங்கா துருவலாம்."

முழங்கையிலும் தொடையிலும் முள் முள்ளாகத் தோல் எழும்பியிருந்தது. தவளைத் தோல் என்போம். வைட்டமின் ஏ இல்லாத சோறு தின்னும் பிள்ளைகளுக்கு வருவது.

"சொறின்னு நெனச்சு சோப்பு போட்டுத் தேச்சோம். தேங்காண்ண தடவினோம், வேப்பில அரைச்சுப் பூசினோம். என் கை தேஞ்சதுதான் மிச்சம்."

"மேலே தடவறதெல்லாம் வாசல் பெருக்கற மாதிரி சிஸ்டர். கொறை உள்ளே இருக்கு. உள்ளே குடுக்கணும்" என்றார் டாக்டர்.

அப்புறம் ரோசலியின் இமையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கண்ணின் வெள்ளை பளபளப்பில்லாமல், உலர்ந்த முட்டை ஓடு போல இருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரமானால் அவளுக்குக் கண் தெரியாது. இப்படியே விட்டால் கருவிழி இளகிப் பார்வையே போய்விடும்.

"எப்போ குடுப்பீங்க?" என்றார் சிஸ்டர்.

"எலி சொன்ன உடனே. அதுவரைக்கும் பொறுங்க."

"நான் பொறுப்பேன் டாக்டர். இவ கண்ணு பொறுக்குமா?"

3. ஆயுத பூஜை

எங்கள் எலிகள் வெள்ளை, அவற்றின் தீனியும் வெள்ளை: மாவுச்சத்து, ஏ நீக்கிய கேசீன் என்ற பால்புரதம், ஈஸ்ட், உப்பு. ஐந்து வாரம் அதையே தின்றால் உடம்பிலிருக்கும் ஏ தீரும். எடை ஏறாமல் நிற்கும், ரோமம் சிலிர்க்கும், இமை ஒட்டும். அப்போது பாதி எலிகளுக்குச் சுறா எண்ணெய் கொடுப்போம். மற்ற பாதிக்கு வெறும் கடலை எண்ணெய். சுறா எண்ணெய் குடித்தவை தேறி, மற்றவை இளைத்தால் எண்ணெய் நல்லது என்று அர்த்தம். எண்ணெய் குடிப்பவை முன் ரேக்கில், மற்றவை சுவரோரம் பின் ரேக்கில்.

எண்ணெய் கொடுக்க ஆரம்பித்த நாலாம் நாள் ஆயுத பூஜை வந்தது. எலி ரூமைப் பார்த்துக்கொண்ட முனியப்பா பெங்களூர் ஆடுகோடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எலிகளைப் 'பசங்க' என்றுதான் சொல்வார். கை நிறையச் சரத்தோடு வந்து நின்றார்.

"சார், தராசுக்குப் போட்டாச்சு. சென்ட்ரிஃபியூஜுக்குப் போட்டாச்சு. டாக்டர் பேனாவுக்குக்கூட பொட்டு வச்சாச்சு. நம்ம பசங்களுக்கு?"

"எலி என்ன ஆயுதமா முனியப்பா?"

"பின்ன? அதுங்கதான சார் நமக்குச் சோறு போடுது? ஆனா நீங்க மாதா கோயிலுக்குப் போறவரு. புடிக்கலன்னா வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. வேண்டாம் என்றால், வேதக்காரன் என்பதால் வேண்டாம் என்றதாக ஆகிவிடும். "போடுங்க, போடுங்க" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

"முன்னாடி ரேக்குக்குத்தான் பத்தும். பின்னாடி யாரு சார் பாக்கப் போறாங்க?"

சாமந்தி, இடையிடையே துளசி. கூண்டுக் கம்பிமேல் வளைத்து வளைத்துக் கட்டினார். குங்குமம் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. நான் சுண்டல் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

4. நார்

மூன்று வாரம் நிறுத்துப் பார்த்தோம். முன் ரேக் எலிகள் கொழுத்தன. இமை திறந்தது, ரோமம் படிந்தது. பின் ரேக் எலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. டாக்டர் கிராஃப் தாளைக் காற்றில் ஆட்டினார். "பாத்தியாப்பா? எலி பேசுது! சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பு. நாளைக்கு வந்து எண்ணெ வாங்கிக்கட்டும்."

அன்று வியாழக்கிழமை. கூண்டு நம்பரைச் சரிபார்க்கக் குனிந்தபோது முன் ரேக்கின் கம்பி வலையில் ஏதோ சிக்கியிருந்தது. காய்ந்த வாழைநார். முடிச்சுகள் அப்படியே இருந்தன. முடிச்சுக்குள் பூ இல்லை, இலை இல்லை. நுனியெல்லாம் பல் தடம்.

"முனியப்பா, இந்தச் சரத்துல இருந்ததெல்லாம் எங்க?"

"அன்னிக்குச் சாயங்காலமே காணோம் சார். ஒரு துளசி மிச்சமில்ல. சாமி ஏத்துக்கிச்சுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

தராசுக்குப் பல் கிடையாது. சென்ட்ரிஃபியூஜுக்கும் கிடையாது. ஆயுதங்களிலேயே பல் உள்ளது எலி ஒன்றுதான். அன்று எனக்கு அது தோன்றவில்லை. ஐந்து வாரம் பச்சையே காணாத எலிக்குத் துளசி கிடைத்தால் விடுமா? இலையில் உள்ள சத்து உடம்புக்குள் போய் ஏ ஆகிவிடும். நாலு இலை ஓர் எலிக்குப் பல நாள் தாங்கும், ஒரு சரம் மூன்று வாரமும் தாங்கும். அப்படியானால் முன் ரேக்கைத் தூக்கி நிறுத்தியது எண்ணெயா, மாலையா? பின் ரேக்குக்கு இரண்டுமே இல்லை. என் வெளுத்த நீலம் நினைவுக்கு வந்தது. அந்த டின் செத்த எண்ணெயாக இருக்கலாம்.

சொன்னால் நான் போவேன், முனியப்பாவும் போவார். சொன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை ரோசலிக்கு எதுவும் கிடைக்காது. எண்ணெயில் கொஞ்சமாவது இருக்கத்தானே செய்யும்? இப்படி ஒரு காரணத்தை இன்னொன்றின் தோளில் ஏற்றி நிறுத்திக்கொண்டேன். நாரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் வந்தார். அதே டின்னிலிருந்து நானே ஊற்றிக் கொடுத்தேன். நானே லேபிளும் எழுதினேன்: தினம் ஒரு டீஸ்பூன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன் வந்ததில்லை.

5. பத்து நாள்

அந்தப் பத்து நாளும் வேலை விட்டதும் என் கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஹோமுக்கு வெளியே போய் நிற்பேன்; அதன் சுற்றுச்சுவர் தாழ்வானது. ஜெபத்துக்கு மணி அடிக்கும்போது பிள்ளைகள் வரிசையாக முற்றத்தைக் கடப்பார்கள். பத்துப் பிள்ளைகள் நடந்தார்கள். ஒருத்தி சுவரைத் தடவிக்கொண்டு போனாள். மறுநாளும் தடவினாள். எண்ணெய் நல்லதாக இருந்தால் மாலைக்கண் இரண்டு மூன்று நாளில் விலக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் நாளும் அவள் விரல்கள் சுவரிலேயே இருந்தன. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். நாளை என்பது ஒரு வசதியான ஊர். அங்கே எல்லோரும் யோக்கியர்கள்.

பதினோராம் நாள் சிஸ்டரே வந்தார்.

"டாக்டர், உங்க எண்ணெ வாடைக்கு எங்க தெருப் பூனையெல்லாம் ஹோம்ல சேந்துடுச்சு. அதுங்க கண்ணு நல்லா மின்னுது. ரோசலிக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. எடது கண்ணுல இப்ப புகை மாதிரி இருக்கு."

டாக்டர் கிராஃப் தாளைத் தேடினார். "இன்னும் ஒரு வாரம் பாருங்க சிஸ்டர். எலிக்கு நல்லாப் பலிச்சிருக்கு."

"சார்" என்றேன். "எலி பொய் சொல்லிடுச்சு சார்."

வாழைநாரை மேஜைமேல் வைத்தேன். முன் ரேக் எலிகள் ஆயுத பூஜை மாலையைத் தின்றுவிட்டன, அதைப் போடச் சொன்னது நான்தான் என்றேன். டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாரை எடுத்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தார்.

"இதை எப்போ பாத்தே?"

"நேத்து சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு பொய் இத்தனை சுலபமாக எப்படி நுழைந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ரெஜிஸ்தர்ல எழுது. பாத்த தேதி போட்டு எழுது" என்றார். நேற்றைய தேதியைப் போட்டு எழுதினேன். அவர் அந்தப் பரிசோதனைப் பக்கம் முழுவதையும் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார். "யூ ஷுட் ஹாவ் ஆர்கியூட் வித் மீ அபௌட் த ப்ளூ." பிறகு தமிழுக்குத் திரும்பினார். "பாட்டில் மொதல்லயே சொல்லுச்சு. நான் கேக்கல, நீயும் வாயத் தெறக்கல. மத்த மூணு டின்னையும் தெற."

சிஸ்டர் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார். புது குளோரோஃபார்ம் எடுத்தேன். இரண்டாம் டின் சுமார். மூன்றாம் டின்னில் கரைசல் விழுந்ததும் குழாய்க்குள் மயில் கழுத்து எழுந்தது. பத்து விநாடிக்குள் அளவைச் சொன்னேன்.

"இதுலேந்து குடு" என்றார் டாக்டர். "சிஸ்டர், தினம் கீரையும் போடுங்க. எலியைத் தேத்தினது எங்க ஆராய்ச்சி இல்லே, வெறும் இலை."

"கீரைன்னா ஓடுதுங்க டாக்டர்."

"எலி ஓடலியே?"

"எலிக்கு நீங்க அஞ்சு வாரம் பட்டினி போட்டீங்க. எங்க பிள்ளைங்களுக்கு அந்த வைத்தியம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முனியப்பா எலி ரூம் கதவில் தானே ஓர் அட்டை மாட்டினார்: இலை, பூ, கீரை உள்ளே வரக்கூடாது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் யாரும் அனுப்பிவிடவில்லை. நான் எதற்காக வாயை மூடினேனோ அது நடக்கவே இல்லை. பிள்ளைகளே, லேபில் தப்பு நடக்கும். எல்லாருடைய கையாலும் நடக்கும். தப்பு நடந்த நேரத்துக்கும் அதைச் சொன்ன நேரத்துக்கும் நடுவில் யார் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

6. ரெஜிஸ்தர்

ஒரு மாதம் கழித்து சிஸ்டர் ரோசலியை அழைத்து வந்தார். டாக்டர் ஊரில் இல்லை. அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இப்போதெல்லாம் விளக்கு வைத்த பிறகும் முற்றத்தில் ஓடுகிறாளாம். வலது கண் பளபளத்தது. இடது கண்ணின் கருவிழி ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளை.

"அண்ணா, எலி பாக்கலாமா?" என்றாள். முனியப்பா அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"இந்த வெள்ள போயிடுமா?" என்றார் சிஸ்டர்.

"போகாது. பெருசாகாது, அவ்வளவுதான்."

"மொதல் நாளே நல்ல டின் குடுத்திருந்தா வந்திருக்காது, இல்ல?"

"தெரியல சிஸ்டர்." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "நான் நாரைப் பாத்தது, கண்ணுல புகைன்னு நீங்க வந்து சொன்னதுக்கு மொத நாள் இல்ல. உங்களுக்கு எண்ணெ ஊத்திக் குடுத்ததுக்கு மொத நாள்."

உள்ளே ரோசலி எலிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது கேட்டது. அவள் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் படியிறங்கினார். நானும் கேட் வரை பின்னாலேயே போனேன். அங்கே திரும்பினார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ரெஜிஸ்தர்ல என்ன தேதி இருக்கு?"

"பொய்த் தேதி."

சிஸ்டர் ரோசலியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார். "அத அடிச்சிட்டு நெஜத் தேதியப் போடுங்க, மிஸ்டர் ஆரோக்கியம். இவ வளந்து படிச்சு, ஒரு நாள் வந்து பாப்பா."